ரியர் வீல் டிரைவ் கேம்பர் வேன்ல மனாலி போறோம், பனியில வழுக்காம டயர்ல மாட்டுற செயின் ஒரு ஜோடிதான் இருக்கு, முன்னாடி போடணுமா பின்னாடியா?

பின்னாடிதான் தலைவா. எஞ்சின் எந்த வீல சுத்துதோ அதுக்குத்தான் பிடிப்பு வேணும், முன்னாடி மாட்டுனா பின் வீல் நின்ன இடத்துலயே சுத்தும். பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெட்டை டயர்னா வெளி டயர்ல மாட்டு.

ஆனா வண்டி மேல ஏறிடுச்சுன்னு குஷியாகாத, இறக்கத்துலதான் ஆட்டமே. முன் வீல் வெறும் ரப்பர், ஸ்டியரிங்க ஒடிச்சாலும் வண்டி நேரா போய்க்கினே இருக்கும், காசிமேட்டுல மீன் ஐஸ் கொட்டிக் கெடக்குற தரையில ரப்பர் செருப்போட ஓடுனவனுக்கு அது தெரியும். செகண்ட் கியர்லயே இறங்கு, 30-ஐத் தாண்டாத, பிரேக்க சடார்னு மிதிக்காத. காசிருந்தா இன்னொரு ஜோடி வாங்கி நாலுக்கும் போட்டுடு.

டயர் சைடுல இருக்குற நம்பரப் பாத்து அதே சைஸ் செயின் வாங்கு. கிளம்பறதுக்கு முன்னாடி இங்கயே ரெண்டு வாட்டி மாட்டிப் பழகிக்கோ. நான் தண்டையார்பேட்டைல எங்க தெருவுலயே வேர்க்க விறுவிறுக்க மாட்டிப் பாத்தேன், மொத வாட்டி உள்பக்க கொக்கிய மாட்டாமலே வெளிய இறுக்கிட்டேன், பசங்க ஒரே சிரிப்பு. மாட்டுனதும் ஒரு 100 மீட்டர் ஓட்டி நிறுத்தி திரும்ப இறுக்கணும், லூசா இருந்தா பிரேக் ஆயில் போற ஹோசையே அறுத்துடும்.

வெறும் தார் ரோடு வந்தா கழட்டிடு. மனாலியத் தாண்டி மலைக்குள்ள போற அடல் டனல் 9 கிலோமீட்டர், உள்ள பனி இல்ல, செயினோட போனா ரோடும் போச்சு செயினும் போச்சு.

கையுறை ரப்பர்ல வாங்கு, கம்பளி நனைஞ்சா விரல் மரத்துடும்.