சுவாதி நட்சத்திரத்தை மகள் பெயருக்கு வாங்கலாமா?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகளுக்கு 21 வயது நிறைகிறது, சுவாதி நட்சத்திரம். 380 வெள்ளி கட்டினால் அந்த நட்சத்திரத்தையே மகள் பெயரில் பதிந்து தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்ல, 100 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டார். மீதியைக் கட்டலாமா?

கட்டாதீர்கள் அம்மா. நட்சத்திரங்களுக்கு முறையாகப் பெயர் வைப்பது அனைத்துலக வானியல் ஒன்றியம். அது யாருக்கும் பெயரை விற்பதில்லை. நம் சுவாதிக்கு ‘ஆர்க்டூரஸ்’ என்ற பழைய பெயரையே 2016-இல் உறுதி செய்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய மாதிரிச் சான்றிதழைப் பார்த்தேன். தங்கக் கரை, சிவப்பு முத்திரை, கீழே ‘14 மணி 15 நிமிடம், வடக்கு 19 பாகை’. அந்த எண்கள்தான் உங்களை நம்ப வைத்திருக்கும். எண்கள் சரிதான், சுவாதி இருக்கும் இடமேதான். ஆனால் கைப்பேசியில் இலவச வான்பட செயலியைத் திறந்தாலே அவை கிடைக்கும். இதே தாளில் வேறு பிள்ளையின் பெயரைப் போட்டு ஈப்போவிலும் விற்கலாம், கிள்ளானிலும் விற்கலாம். தோட்டத்து வீட்டில் பிறந்தநாளோ கல்யாணமோ கருமாதியோ, மோப்பம் பிடித்து முதலில் வந்து நிற்பது இந்தத் தரகர்கள்தான். ‘இன்றைக்குக் கட்டினால் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்தினாலே கதவைச் சாத்துங்கள். நூறு பேர் ஏமாந்து புகார் கொடுத்த பிறகுதான் மேலிடம் அசைகிறது, அதற்குள் ஆள் போன் நம்பரை மாற்றிவிடுகிறான்.

ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜெண்ட் அதைக் காட்டிப் பேசுவார், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 2019-இல் அந்த ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி நாட்டுக்கு ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் கோளையும் கொடுத்துப் பெயர் சூட்டச் சொன்னது. மலேசியா தன் நட்சத்திரத்துக்கு ‘இந்தான்’ என்றும் கோளுக்கு ‘பைடுரி’ என்றும் வைத்தது. இரண்டும் மணிக்கற்களின் பெயர்கள். உயிரோடிருக்கும் ஆளின் பெயரை வைக்க விதி இடம் தரவில்லை. யாரும் காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. அதோடு இந்தான் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆக, ‘மலேசியாவே செய்தது’ என்று அவர் சொன்னால், அது நாடு செய்தது, கடை செய்ததல்ல என்று சொல்லுங்கள்.

சரி, சுவாதியை மகளுக்குக் காட்டுங்கள். ஜூன் கடைசியில் இரவு 9 மணிக்கு, தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து போகும் போக்கிலேயே கண்ணை மேலே கொண்டுபோனால், ஏறக்குறைய உச்சியில், பழுத்த செம்பனைக் காயின் நிறத்தில் அது நிற்கும். சூரியனைவிட 25 மடங்கு அகலம். ஆனால் மேற்பரப்புச் சூடு குறைவு, சுமார் 4,000 பாகை செல்சியஸ், அதனால்தான் அந்த ஆரஞ்சு நிறம். இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி அங்கிருந்து கிளம்பி 37 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது உங்கள் மகள் பிறக்கவே இல்லை.