மகளின் கனடா விண்ணப்பமும் தாயின் கவலையும்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். ரோஸ் ஹில்லிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தைக் கவனமாகப் படித்தேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும், இந்திய அரசின் உதவித்தொகையோடு சென்னையில் முதுகலையும் முடித்துவிட்டு, எபேனில் உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் தங்கள் மகள், கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்ததிலிருந்து சரியாக உறங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்த படிப்பு அங்கே செல்லுமா என்பதே வீட்டில் எல்லோருக்கும் பேச்சாகிவிட்டது என்றும் சொல்லியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இந்த விண்ணப்பத்தில் விரைவாக முடிக்கக்கூடிய வேலைகளும் உண்டு, எவ்வளவு முயன்றாலும் நேரம் எடுக்கும் வேலைகளும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் சுமப்பதுதான் மகளை வாட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மகள் எடுத்திருக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வழியில், படிப்பு, மொழித்திறன், பணி அனுபவம் போன்றவற்றுக்குப் புள்ளி தந்து, புள்ளி மிகுந்தவர்களைச் சுற்றுச் சுற்றாக விண்ணப்பிக்க அழைக்கிறார்கள். முதலில் படிப்பு. கனடாவுக்கு வெளியே பெற்ற பட்டத்துக்குப் புள்ளி கேட்பவர்கள், அந்தப் பட்டம் கனடாவின் எந்தக் கல்வி நிலைக்குச் சமம் என்று கூறும் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் பெற வேண்டும். அதை வழங்கக் கனடா அரசு சில அமைப்புகளை நியமித்திருக்கிறது; நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் நாடுவது வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் என்ற அமைப்பை. குடியேற்றத்துக்கான மதிப்பீடு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பொதுவான மதிப்பீட்டைப் பெற்றுவிட்டுப் பிறகு மறுபடியும் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அறிக்கை ஐந்து ஆண்டுகள் செல்லும். ஹெச்.எஸ்.சி. மதிப்பெண் பட்டியலைத் தேடி அலமாரியைக் கலைத்ததாக எழுதியிருந்தீர்கள். முதுகலை மதிப்பிடப்பட்டால் பள்ளிச் சான்றிதழுக்குத் தனியே புள்ளி கிடையாது; எனவே அந்தக் கவலையை விட்டுவிடலாம். வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த அறிக்கை தொழில் செய்வதற்கான உரிமம் ஆகாது. தங்கள் மகளின் துறைக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், செவிலியராகவோ ஆசிரியராகவோ பணிபுரிய நினைக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் எடுக்கும் பகுதி சென்னையில் இருக்கிறது. மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகமே மதிப்பீட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். வீட்டிலிருக்கும் மூலச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பினால் மட்டும் போதாது. இங்கே ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பட்டத்துக்கு மகள் ஒருநாள் விடுப்பெடுத்து நேரில் போய்க் கேட்டுவிடலாம். கடல் கடந்த பல்கலைக்கழகத்தில், படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, தேர்வுப் பிரிவின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் மொழித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கோரிக்கையை அனுப்பிவிடச் சொல்லுங்கள். அங்கே உடன் படித்த நண்பர் யாரேனும் சென்னையில் இருந்தால், நேரில் சென்று விசாரிக்க அவருக்கு ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்துவைப்பது மிகவும் உதவும்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய இடர் பெயரில் வருகிறது. முத்துசாமி, வீரப்பன், சின்னத்தம்பி போன்ற நம் குடும்பப் பெயர்கள் பழைய பதிவேடுகளில் பிரெஞ்சு ஒலிப்பின்படி எழுதப்பட்டு, அதே எழுத்துகளில் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் தொடர்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழிலோ குடும்பப் பெயர் ஒற்றை முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கக்கூடும், அல்லது தந்தையின் பெயர் அந்த இடத்தில் வந்திருக்கக்கூடும். தங்கள் மகளுக்கும் அப்படித்தான் என்பதைக் கடிதத்திலிருந்து அறிந்தேன். இதில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கண்டும் காணாமல் விடக் கூடாது. இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதம் பெற முயலலாம். கிடைக்காவிட்டால் இங்கே ஒரு பிரமாணப் பத்திரம் செய்துகொள்ளலாம். விண்ணப்பப் படிவத்திலும், இதற்கு முன் வேறு பெயர் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்வி இருக்கும். அங்கே சான்றிதழில் உள்ள வடிவத்தை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். பெயர் வேறுபாட்டை நாமே முன்வந்து விளக்கினால் அது சாதாரண விளக்கமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்ட பிறகு விளக்கினால் மாதங்கள் வீணாகும்.

சென்னையில் தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் தங்கியிருந்ததால், கடந்த 10 ஆண்டுகளுக்குள் அது வருமானால், இந்தியாவின் காவல்துறைச் சான்றும் தேவைப்படும். மொரீஷியஸின் நன்னடத்தைச் சான்றிதழை அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர் அலுவலகம் வழங்குகிறது.

இனி, இன்னொரு முதுகலை படித்தால் புள்ளி கூடுமா என்ற தங்கள் கேள்விக்கு வருகிறேன். கூடாது என்பதே என் உறுதியான பதில். மணமாகாத விண்ணப்பதாரருக்கு இளங்கலைக்கு 120 புள்ளிகள், முதுகலைக்கு 135, முனைவர் பட்டத்துக்கு 150. இரண்டாவது முதுகலை எடுத்தாலும் அதே 135தான். மகள் எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கில மொழித் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் கேட்டலில் 8, வாசித்தலிலும் பேசுதலிலும் 7, எழுதுதலில் மட்டும் 6.5 என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த அரை மதிப்பெண் குறைவு எவ்வளவு பெரிய இழப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுதுதலிலும் 7 வந்துவிட்டால் நான்கு திறன்களும் கனடிய மொழி அளவுகோலின் 9ஆம் நிலையை எட்டும். அப்போது எழுதுதலுக்கு 8 புள்ளிகளும், முதுகலையோடு மொழித்திறன் சேரும் பிரிவில் 25 புள்ளிகளும், மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணி அனுபவத்தோடு மொழித்திறன் சேரும் பிரிவில் 25 புள்ளிகளும், ஆக 58 புள்ளிகள் கூடுகின்றன. இரண்டு ஆண்டுகளும் பெரும் பணமும் செலவிட்டுப் படிக்கும் பட்டம் தராத பலனைச் சில வார எழுத்துப் பயிற்சி தரும். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்து, நம் தீவில் வளர்ந்த பிள்ளைகள் தங்களிடம் இருப்பதை அறியாமலே விட்டுவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் 7ஆம் நிலையை எட்டினால், ஆங்கிலமும் 5ஆம் நிலைக்குக் குறையாமல் இருக்கும்பட்சத்தில், கூடுதலாக 50 புள்ளிகள் கிடைக்கும். இரண்டாம் மொழிக்கான 12 புள்ளிகளும் சேர்ந்து 62 ஆகும். மேலும் 2023 முதல் பிரெஞ்சு அறிந்தோருக்கெனத் தனிச் சுற்றுகளில் அழைப்பு விடுக்கப்படுகிறது. வீட்டில் கிரியோல் பேசி, பிரெஞ்சில் செய்தித்தாள் படிப்பதால் தேர்வு எளிதாகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். எழுத்துத் தேர்வில் இலக்கணப் பிழைகள் புள்ளியைக் குறைத்துவிடும். டி.இ.எஃப். கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்கு முறையாகத் தயாராக வேண்டும். மகள் தைப்பூசத்துக்கு விரதமிருப்பவர் என்றால், அந்த நாள்களில் தேர்வுத் தேதி எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலில் இருக்கும் தங்கள் தங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விண்ணப்பிக்கத் தகுதி உண்டா என்று தொடக்கத்தில் பார்க்கும் தனிக் கணக்கில் 67 புள்ளிகள் வேண்டும்; அதில் சித்தி என்ற உறவுக்கு இடமுண்டு. அழைப்பைத் தீர்மானிக்கும் தரவரிசையில் உடன்பிறந்தவர்களுக்கு மட்டுமே புள்ளி உண்டு. கியூபெக் மாநிலத்துக்குக் குடியேற்றத் தேர்வுமுறையே வேறு. சித்தியின் வீட்டருகே குடியேறுவதுதான் மகளின் எண்ணம் என்றால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி அதற்குரிய வழி ஆகாது. இதை மகளிடம் இப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேலைக் கடிதம் ஒன்று வாங்கித் தந்தால் புள்ளி உயரும் என்று கூறிய முகவரை நம்ப வேண்டாம். வேலை வாய்ப்புக்கான புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டன. பொய்யான ஆவணம் பிடிபட்டால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கட்டணம் பெற்று விண்ணப்பதாரரின் சார்பாகச் செயல்படும் உரிமை வழக்கறிஞர்கள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற அங்கீகாரம் பெற்றவர்களுக்கே உண்டு. அந்த ஆலோசகர்களின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

மகளின் உறக்கத்தைப் பற்றி. அழைப்புச் சுற்றுகளின் முடிவுகள் கனடாவின் அலுவலக நேரத்தில் வெளிவருகின்றன. நமக்கு அது மாலையும் இரவும். ஒட்டாவா நம்மைவிட எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் பின்தங்கியிருப்பதால், மகள் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க 60 நாள்கள் தரப்படுகின்றன. இரவில் பார்க்காமல் மறுநாள் காலையில் பார்ப்பதால் எதுவும் கைநழுவிப் போகாது. இரவு உணவுக்குப் பிறகு அந்தக் கணக்கைத் திறப்பதில்லை என்ற ஏற்பாட்டை அவளே செய்துகொள்ளட்டும். தாங்களும் நாள்தோறும் கேட்பதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருவரும் உட்கார்ந்து பேசலாம். கோவிலில் உறவினர்கள் விசாரித்தால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கும். புறப்படும் தேதி உறுதியாகும்வரை அவள் வேலையை விடக் கூடாது. வருமானமும் அன்றாட ஒழுங்கும் இல்லாத காத்திருப்பு மிகவும் கொடியது.

நிச்சயதார்த்தத்தை விண்ணப்பத்துக்காக மறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயத்தால் எதுவும் மாறாது. திருமணம் நடந்தால் புள்ளிக் கணக்கு மாறும், அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால், பின்னாளில் கணவரை அழைத்துக்கொள்வதே கடினமாகிவிடும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை நீடித்தால், அல்லது சாப்பிடவும் வேலைக்குப் போகவும் முடியாத நிலை வந்தால், தயங்காமல் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விண்ணப்பத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் இது தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மன அழுத்தத்துக்காக ஆலோசனை பெற்றார் என்பதற்காக மட்டும் ஒருவரது விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை.

அடுத்த வாரம் மகளே நேரில் வந்தால் நல்லது. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், இரு பட்டச் சான்றிதழ்கள், தேர்வு முடிவு ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டிய கோரிக்கையை அன்றே எழுதி முடித்துவிடலாம்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்