அத்தை மகனின் கத்திக்கு 60,000 ரூபாய் தகுமா?

கேள்வி: ஐயா, நான் கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்ற கணினி விளையாட்டை ஆடுபவன். மாதச் சம்பளம் 38,000 ரூபாய். என் அத்தை மகன் தன்னிடமுள்ள கத்தி ஸ்கின்னை (விளையாட்டுக்குள் மட்டும் பயன்படும் அலங்காரப் பொருள்), ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் சந்தை காட்டும் விலையான 60,000 ரூபாய்க்கே தருவதாகச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் வாங்கிய கையுறை ஸ்கின்னுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி. இதற்குக் கடன் செயலியில் 24 சதவீத வட்டிக்கு, ஓராண்டுத் தவணையில் கேட்டிருக்கிறேன். மறுத்தால் அத்தை வருந்துவார். விலை நியாயம்தானா?

பதில்: நியாயமில்லை. அவரே அதை ஸ்டீமில் 60,000 ரூபாய்க்கு விற்றாலும், விற்பவர் பெறும் தொகையின் மேல் கணக்கிடப்படும் 15 சதவீதக் கட்டணம் போக அவர் கைக்கு வருவது ஏறக்குறைய 52,000தான். அதுவும் ஸ்டீம் வாலட்டில் கிடக்குமே தவிர, வங்கிக் கணக்குக்கு வராது. நீங்கள் தரப்போவதோ ரொக்கம். ஆகவே 45,000 ரூபாய்க்கு மேல் பேச வேண்டாம் என்பேன். அதற்கும் முன், அதே ஃப்ளோட் (தேய்மான) அளவுள்ள கத்திகள் அண்மையில் உண்மையிலேயே என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது, பழைய தவணை முடியுமுன் புதிய தவணையைத் தொடங்கும் உங்கள் வழக்கம். 60,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் சுமார் 5,700 வீதம் ஓராண்டில் 68,000 கட்டுவீர்கள். அந்த 68,000 ரூபாயை ஸ்டீமில் திரும்பப் பெற, கத்தியின் விலை 78,000 ரூபாயைத் தொட வேண்டும். அதாவது 30 சதவீதம் ஏற வேண்டும். ஸ்கின்னை 'முதலீடு' என்று சொல்வோர் 2025 அக்டோபரை மறந்துவிடுகிறார்கள். ஐந்து சிவப்புத் தர (கத்திக்கு அடுத்த நிலை அரிய வகை) ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என்று, விளையாட்டையும் ஸ்டீமையும் நடத்தும் வால்வ் நிறுவனம் அப்போது விதியை மாற்றியதும், கத்தி விலைகள் மளமளவெனச் சரிந்தன. ஸ்டீம் ஒப்பந்தப்படி உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதால், எவரிடமும் இழப்பீடு கேட்கவும் முடியாது.

கடன் விண்ணப்பத்தை இன்றே திரும்பப் பெறுங்கள். கையுறைத் தவணை முடிந்தபின் மாதம் 5,000 சேர்த்தால் ஒன்பது மாதத்தில் 45,000 கையிலிருக்கும். அன்றைய விலைக்குப் பேசிக்கொள்ளலாம். கடன் வாங்கிப் பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டதாக அத்தையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பின்னர் வாங்கும்போதும், கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற ஸ்டீமில் வழி இருப்பதால், எட்டாம் நாள் பணம் தருவதாக முன்கூட்டியே பேசிவையுங்கள்.