கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்

வணக்கம்.

எனக்கு 41 வயது, உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாகக் காலையில் ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை 70 நிமிடத்தில் முடிப்பேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு தூரமும், அதாவது 42 கிலோமீட்டரும், ஓடி, எங்கள் பகுதியில் இருக்கும் சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் திரட்டித் தர ஆசை. நண்பர்கள் பத்துப் பேர், நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தலைக்கு நூறு ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். மற்றவர்களிடம் என் ஜிபே எண்ணில் வாங்கி மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். டொராண்டோவில் இருக்கும் சித்தி மகனும் அனுப்புகிறேன் என்கிறான். கையில் ஆறு மாதம் இருக்கிறது. போதுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

க., குரோம்பேட்டை

அன்புள்ள க.,

ஆறு மாதம் தாராளம். ஆனால் ஓட்டத்தைப் பேசுவதற்கு முன், உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களை மாற்றியாக வேண்டும். கிலோமீட்டர் கணக்கு ஒன்று, ஜிபே இன்னொன்று.

பத்துப் பேர், தலைக்கு நூறு என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆயிரம் ரூபாய். 34-ஆவது கிலோமீட்டரில் முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலிக்கிறது என்று வையுங்கள். நின்றுவிடுவதுதான் சரி. ஆனால் உங்கள் மனம் "எட்டாயிரம் ரூபாய், குழந்தைகளுக்குப் போக வேண்டியது" என்று கணக்குப் போடும். நொண்டிக்கொண்டே முடிப்பீர்கள், பிறகு மூன்று மாதம் ஓட முடியாது. பயிற்சியின்போதும் இதே கதைதான். கால் எலும்பில் ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டும்படி, இரவில் படுத்திருக்கும்போதும் வலி இருந்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பணம் தூரத்தோடு கட்டப்பட்டிருந்தால் யாருக்கும் அந்த மனது வராது. நண்பர்களிடம் ஆளுக்கு 4,000 ரூபாய் என்று இப்போதே பேசி வாங்கிவிடுங்கள். நீங்கள் 42 ஓடினாலும் சரி, 21-இல் உட்கார்ந்தாலும் சரி, அது பள்ளியின் பணம்.

லண்டன் மாரத்தானில் தொண்டு நிறுவனங்கள் இடங்களை விலைக்கு வாங்கி, இத்தனை பவுண்ட் திரட்டித் தருவேன் என்று ஒப்புக்கொள்பவர்களுக்குக் கொடுக்கின்றன. அங்கே திரட்டினால்தான் ஓட்டம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிப் பதிந்துகொள்ளப் போகிறீர்கள். வீணாக ஒரு நெருக்கடியை ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? கட்டணம், ஷூ, பயணம் எல்லாம் உங்கள் கைப்பணம் என்பதை வேண்டுகோளின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிடுங்கள். கேட்பவர்கள் வாய்விட்டுக் கேட்காத முதல் கேள்வி அதுதான்.

அடுத்து ஜிபே. உங்கள் எண்ணுக்கு வந்த பணத்தை நீங்கள் பள்ளிக்கு அனுப்பினால், அவர்கள் கணக்கில் நன்கொடையாளர் ஒரே ஒருவர், அது நீங்கள். தந்தவர்கள் யாருக்கும் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்காது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்கு. ஆனால் ஐயாயிரம், பத்தாயிரம் தருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். இருந்தால் அவர்களுடைய க்யூஆர் குறியீட்டையே அனுப்புங்கள். பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் நன்கொடையாளர் நேரே பள்ளிக்குத் தரட்டும், உங்கள் வாட்ஸாப்பில் பிறருடைய பான் எண்கள் சேர வேண்டாம். ரொக்கம் தருபவர்களிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். இணையத் திரட்டுத் தளம் வழியாகப் போவதென்றால் பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கான "டிப்" முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கலாம். நன்கொடையாளர்களை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டொராண்டோ தம்பியின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயாகவே தந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசு தரும் பதிவு, உள்ள நிறுவனம், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்றே வைத்திருக்கும் கணக்கில்தான் அதை வாங்க முடியும். சிறிய பள்ளிகளுக்கு அந்தப் பதிவு இல்லாமல் இருக்கலாம். "உன் கணக்குக்கு அனுப்புகிறேன், நீ கொடுத்துவிடு" என்பான். வேண்டாம். வம்பு உங்களுக்கும் வரும், பள்ளிக்கும் வரும்.

ஒரு லட்சம் என்பதைத் தலைகளாக உடைத்துப் பாருங்கள்: 10,000 தருபவர் 2, 4,000 தரும் உங்கள் நண்பர்கள் 10, 2,000 தருபவர் 15, 1,000 தருபவர் 10. மொத்தம் 37 பேர். நண்பர்கள் போக மற்ற 27 பேருக்கு, மூன்றில் ஒருவர் தருவார் என்று வைத்தால் எண்பது பேரையாவது கேட்க வேண்டும், தனித்தனியாக, பெயர் சொல்லி. குடும்பக் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டால் கைகூப்பும் படங்கள்தான் வரும். பெரிய தொகை தருபவர்களிடம் முதலில் போங்கள். பட்டியலில் முதல் வரி 500 என்றால் அடுத்தவரும் 500-தான் எழுதுவார், மொய் நோட்டில் பார்த்திருப்பீர்கள். இந்த வேலை அக்டோபருக்குள் முக்கால்வாசி முடிந்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டமே விழுங்கிவிடும், திங்கட்கிழமை யாரிடமும் பேசத் தெம்பிருக்காது.

இனி ஓட்டம். 41 வயது, உட்கார்ந்த வேலை என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பரிசோதனை மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். உங்கள் 10 கிலோமீட்டர் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் முழு மாரத்தான் சுமார் 5 மணி 20 நிமிடம் வரும். அது காகிதக் கணக்கு. சென்னைக் காற்றின் ஈரத்தில், முதல் முறை ஓடுபவருக்கு 5:45 முதல் 6 மணி நேரம் என்று திட்டமிடுங்கள். அதாவது கிலோமீட்டருக்கு எட்டேகால், எட்டரை நிமிடம். பதிவு செய்யும்போதே கட்ஆஃப் நேரத்தை, அதாவது எவ்வளவு நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதை, பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும், மூன்று நாள் மெதுவாக, ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீளமான ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேல் லாங் ரன் போகக் கூடாது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மறுபடி ஏறுங்கள். செப்டம்பர் நடுவில் 16, அக்டோபர் கடைசியில் 24, நவம்பரில் 28, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32. பிறகு 18, பிறகு 12, பிறகு போட்டி. கடைசி மூன்று வாரம் குறைப்பதற்குப் பயந்து இன்னொரு 30 ஓடுபவர்கள் களைத்த காலோடுதான் தொடக்கக் கோட்டில் நிற்பார்கள்.

இந்தக் கணக்கில் வடகிழக்குப் பருவமழை குறுக்கே நிற்கிறது. நீளமான ஓட்டங்கள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுகின்றன. தூறலில் ஓடலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் இருட்டில் ஓடவே கூடாது, மூடியில்லாத சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் தண்ணீருக்கு அடியில் தெரியாது. ஒரு ஞாயிறு போனால் போகட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்தடுத்த நாள்களில் இரண்டு நீள ஓட்டம் போட்டால்தான் அடிபடும். 24-க்கு மேற்பட்ட ஓட்டங்களில் மூன்று தவறிவிட்டால் முழு மாரத்தானை விட்டுவிடுங்கள். சென்னையில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர், என்றே ஒரு பிரிவு உண்டு. ஏற்பாட்டாளர்கள் பிரிவு மாற்ற எந்தத் தேதி வரை விடுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். பணம் தந்தவர்கள் கோபிக்க மாட்டார்கள், தூரத்துக்கு அவர்கள் விலை வைக்கவில்லையே.

30 கிலோமீட்டருக்கு மேல் ஏன் கால் நகர மறுக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டரில் சுமார் 2,950. உடம்பு சர்க்கரையாகச் சேமித்து வைப்பது 2,000 சொச்சம். கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். அதனால் 40-ஆவது நிமிடத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது சப்பும் எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்றில் 20–25 கிராம், நடுத்தர வாழைப்பழத்திலும் நான்கைந்து பேரீச்சையிலும் ஏறத்தாழ அதே அளவு. கடலை மிட்டாய் வேண்டாம். கொழுப்பு அதிகம், வாய் உலர்ந்திருக்கும்போது தொண்டையில் இறங்காது. எதுவானாலும் லாங் ரன்னில் தின்று பார்த்ததை மட்டுமே போட்டியன்று தின்னுங்கள்.

தண்ணீர் குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதுதான் அதற்கு முக்கியக் காரணம், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்திருந்தார்கள். உங்கள் வியர்வையை நீங்களே அளக்கலாம். ஓட்டத்துக்கு முன்னும், ஒரு மணி நேரம் ஓடியபின் துடைத்துக்கொண்டும், உடையில்லாமல் எடை பாருங்கள். 72.4 கிலோ 71.3 ஆகி, நடுவில் 200 மில்லி குடித்திருந்தால் வியர்வை 1.3 லிட்டர். மேல் வரம்பு அது, அதற்கு உள்ளே தாகத்துக்குக் குடியுங்கள். மெதுவாக ஓடுகிறவர்தான் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பார், இந்த ஆபத்தும் அவருக்குத்தான் அதிகம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம், அதனால் உப்பு இழப்பை அது ஈடுகட்டாது. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் வயிற்றைப் புரட்டும். வலி மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், உலர்ந்த உடம்பில் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பள்ளி ஆசையாக ஒரு டி-ஷர்ட் அச்சடித்துத் தரும். பருத்தியாக இருந்தால் படமெடுத்துக்கொண்டு மடித்து வையுங்கள். வியர்வை குடித்துக் கனத்து, மார்க்காம்பை ரத்தம் வருமளவு உரசும். பெரிய ரப்பர் அச்சு நெஞ்சில் பிளாஸ்டிக் உறைபோல ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டரில், எழுத்தை முதுகில் சின்னதாக அடித்து, டிசம்பர் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கி அதில் ஒரு 25 ஓடிப் பாருங்கள். தொடை இடுக்கு, அக்குளில் வாஸ்லின், மார்க்காம்பில் டேப். வாஸ்லின் மூன்று மணி நேரத்தில் போய்விடும், சிறு டப்பா பையில் இருக்கட்டும். ஷூ நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்து விழும்.

முழு மாரத்தான் விடியலுக்கு முன்பே, 4 மணிவாக்கில் கிளம்பும். இருட்டு, குளிர்ச்சி, கூட்டம் என்று முதல் பத்து கிலோமீட்டர் இறக்கத்தில் ஓடுவதுபோல் இருக்கும், ஏழு நிமிட வேகம் தானாக வரும். எட்டரைக்குக் கீழே போகாதீர்கள். முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போகலாம். களைத்த பிறகு நடக்கத் தொடங்கினால் மறுபடி ஓட்டம் வராது. ஆறரை மணிக்குச் சூரியன் வரும்போது உங்களுக்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கும். தொப்பியை அப்போதைக்கு இடுப்பில் செருகி வையுங்கள்.

மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவீர்கள், அன்று லீவு போட்டுவிடுங்கள். படுத்தபடியே தந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள்: சேர்ந்த தொகை, பள்ளி அதை எதற்குச் செலவிடப் போகிறது, ரசீது எப்போது வரும். உங்கள் நேரத்தை அதற்குப் பிறகு எழுதலாம். நன்கொடைப் பக்கத்தை இன்னும் இரண்டு வாரம் திறந்தே வையுங்கள். "முடி, பார்க்கலாம்" என்று சொன்ன சிலர் அப்போதுதான் தருவார்கள்.