கர்ப்ப ஸ்கேனில் குழந்தையின் எலும்பை அளந்து வாரம் சொல்வது: கேள்வி பதில்

கேள்வி: 20 வார ஸ்கேனில் தலை சரியாக 20 வாரம், தொடை எலும்பு 18 வாரம் 5 நாள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். அந்த 18 வாரம் 5 நாள் குழந்தையின் வயது இல்லை. அந்த நீளம் சராசரியாக எந்த வாரத்தில் இருக்கும் என்று அட்டவணை சொல்கிறது, அவ்வளவுதான். 20 வாரத்தில் தொடை எலும்பு சுமார் 33 மி.மீ. இருக்கும். ஒரு மி.மீ. தவறினாலே இரண்டு மூன்று நாள் நகரும். பெற்றோர் குள்ளம் என்றாலும் எலும்பு குட்டையாக இருக்கலாம். ரொம்பவே பின்தங்கினால் டாக்டர் மற்ற எலும்புகளையும் பார்ப்பார். ஆனால் முதல் மூன்று மாதத்தில் தலை முதல் பிட்டம் வரை அளந்து குறித்த பிரசவத் தேதியை இதற்காக மாற்றாதீர்கள்.

கேள்வி: பயிற்சி மாணவி நான். தொடை எலும்பு அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

பதில்: நல்ல கேள்வி. எலும்பு திரையில் படுத்த வாக்கில் இருக்கட்டும், ஒலிக்கதிர் அதற்குக் குறுக்காகப் போகட்டும். இரு முனையும் தெளிவாகத் தெரிய வேண்டும். சாய்ந்து வெட்டினால் அளவு குறையும். எலும்பாக இறுகிய தண்டை மட்டும் அளக்கவும். முனைகளில் உள்ள குருத்தெலும்பும், முழங்கால் பக்கம் முள் மாதிரி நீளும் வெள்ளைக் கீற்றும் கணக்கில் வராது. இரண்டு மூன்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று: முழங்கால் அருகே தொடை எலும்பின் முனையில் சுமார் 32 வாரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். ஆரம்ப ஸ்கேன் இல்லாதவர்களுக்கு அது நல்ல துப்பு.

கேள்வி: என் குழந்தைக்குத் தொடை எலும்பு 4 நாள் குறைவு...

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தை தலை மேலே இருக்கிறது. தலையின் குறுக்களவு குறைவாம்.

பதில்: அப்படி இருக்கும்போது தலை நீண்டு ஒடுங்கலாம். சுற்றளவு எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: ஐவிஎஃப், ஐந்தாம் நாள் கரு வைத்தார்கள். ஸ்கேன் 6 நாள் கூடுதல் என்கிறது.

பதில்: கரு வைத்த தேதிக்கு 19 நாள் முன்னால்தான் உங்கள் கணக்கின் முதல் நாள். ஸ்கேன் அதை மாற்ற முடியாது.

கேள்வி: 34 வாரத்தில் நான்கு அளவின் (தலைக் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு) சராசரி 31 வாரம். மெஷினே தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டதே?

பதில்: தள்ள விடாதீர்கள்! 28 வாரத்துக்கு மேல் ஸ்கேன் கணக்கு மூன்று வாரம் வரை பிசகும். குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தால் வயிற்றுச் சுற்றளவுதான் முதலில் அடிபடும். சராசரியில் அதையும் சேர்த்துத் தேதியை மாற்றினால் குன்றிய குழந்தை 'சின்ன வாரத்துக்குச் சரியான குழந்தை' ஆகிவிடும். நோய் காகிதத்தில் மறைந்து போகும்.

மறுப்பு (ஸ்கேன் அறையில் வேலை செய்பவர்): சராசரி எடுப்பது ஹாட்லாக் என்ற ஸ்கேன் ஆய்வாளர் 1984-இல் சொன்ன முறைதானே?

பதில்: சரி, ஆனால் அந்தச் சமன்பாடு சாதாரணமாக வளரும் குழந்தைகளை வைத்துப் போட்டது. ஏற்கெனவே தேதி தெரிந்தவரிடம் அதை ஏன் ஓட்ட வேண்டும்?

மறுப்பு: தேதியே தெரியாமல் 34 வாரத்தில் வருபவரை?

பதில்: அவர்களுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். தலைச் சுற்றளவையும் தொடை எலும்பையும் வைத்து உத்தேசமாகச் சொல்லுங்கள். 'உத்தேசம்' என்று அறிக்கையிலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து வளர்ச்சியைப் பாருங்கள்.

கேள்வி: இன்று அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது. எலும்பு அளவு காரணமா?

பதில்: அளவை விடுங்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: 37 வாரம், தொடை எலும்பு 36 என்கிறது. தேதி மாறுமா?

பதில்: மாறாது.