அந்த 3,500 ரூபாயைக் கட்டாதீர்கள்

முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளின் செமினார் கட்டுரையை, 3,500 ரூபாய் கட்டினால் 3 நாளில் வெளியிட்டுத் தருவதாக ஒரு ‘பன்னாட்டு ஆய்விதழ்’ மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மேற்படிப்புக்கு உதவும் என்று உறவினர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். உண்மையான ஆய்விதழில் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் கட்டுரையை வரிவரியாகப் படித்து, குறைகளை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். 3 நாளில் அச்சேற்றுகிறவர்கள் அதைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய போலிக் கட்டுரை ஒன்றை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! கட்டணம் வாங்கும் இதழெல்லாம் மோசடி என்று இதற்குப் பொருளில்லை. கட்டணம் வாங்கும் பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழ் அதே கட்டுரையை நிராகரித்தது. மேற்படிப்பைப் பொறுத்தவரை, ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு. நேர்முகத் தேர்வு வைக்கும் நிறுவனங்களில், கட்டுரை இருக்கிறது என்று சொன்ன மறுநிமிடம் அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள்.

அங்கேதான் சிக்கல். நீங்கள் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளை நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நான்காம் பக்கத்தில், எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாக, இயங்குவது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஆதாரம் ஒரு யூடியூப் காணொலி.

அந்தக் கதை இதுதான். 2023 ஜூலையில் தென் கொரியக் குழு ஒன்று அந்தப் பொருளைப் பற்றிய கட்டுரையை ஆர்க்கைவ் தளத்தில் போட்டது. 1991 முதல் இயங்கும் அருமையான தளம் அது. இயற்பியலாளர்கள் காலையில் காப்பியோடு திறப்பது அதைத்தான். ஆனால் மதிப்பாய்வு முடியாத கட்டுரைகளையும் அங்கே போடலாம், மேலோட்டமான சரிபார்ப்பு மட்டுமே நடக்கும். சமூக ஊடகங்கள் கொண்டாடித் தீர்த்தன. தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அந்தப் பொருளைத் தயாரித்துப் பார்த்தார்கள், மீக்கடத்தல் தென்படவில்லை. மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம், மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்பைடு என்று சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. கொண்டாடிய காணொலிகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. உங்கள் மகள் பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஆகவே காணொலி பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பார்த்த பிறகு, அதில் சொல்லும் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இட்டுத் தேடச் சொல்லுங்கள். அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்த கட்டுரைகளின் பட்டியல் கீழேயே இருக்கும். ஊர் உலகம் அந்த முடிவை ஏற்றதா, மறுத்ததா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

இன்னொன்று, திட்டாமல் கேளுங்கள். மேற்கோள் பட்டியலில் 2 கட்டுரைகளை எங்கே தேடியும் காணவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வாங்கிய பட்டியலோ என்று தோன்றுகிறது. இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கூசாமல் தந்துவிடும் அது. கட்டுரையைத் தேடித் திறந்து, ஒரு பத்தியாவது படித்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இந்த வயதில் ஆர்க்கைவ் வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் நடத்தும் ரெசனன்ஸ் மாத இதழ், இளநிலை மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுவது. பழைய இதழ்களும் இணையத்தில் இலவசம். நான் பரிந்துரைப்பது முதலில் அதைத்தான். பாடம் புரியாத இடங்களுக்கு ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வகுப்புகள் இருக்கின்றன, அவையும் யூடியூபில்தான். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு. தரம் ஏறியிறங்கும் என்றாலும், முதல் அத்தியாயத்தில் அந்தத் துறையில் அதுவரை நடந்த ஆய்வுகளின் தொகுப்பு கிடைக்கும். அரசுக் கல்லூரி என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சந்தா இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. கல்லூரி நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டு வரும் மாணவரைக் கண்டால் நூலகர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

விண்ணப்பத்தில் எழுத ஏதாவது வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. மூன்று இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். பி.எஸ்சி. மாணவர்களுக்கும் இடம் உண்டு. தேர்வானால் சுமார் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை. பணம் கட்டத் தேவையில்லை, அவர்களே உதவித்தொகை தருவார்கள்.

அதற்குள் அந்த நான்காம் பக்கத்தை மட்டும் திருத்தி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவரிடமே பேசுகிறேன்.