ஜெர்மனியில் வாங்கிய பழைய எண்கோணக் காசில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது, நாட்டின் பெயர் இல்லை. போலிக் காசா?

போலி என்று உங்களிடம் யாரோ காசுக் கடைக்காரர் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அது நோட்கெல்ட். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் நகரங்கள் சொந்தமாக வெளியிட்ட அவசரக் காசு. 1914-ல் போர் தொடங்கியதும் வெள்ளிக் காசை ஜனங்கள் வீட்டில் பதுக்கிவிட்டார்கள். 5, 10 ஃபென்னிக் (நம்ம பைசா மாதிரி ஜெர்மன் சில்லறை) நிக்கல் காசுகளை அரசு திரும்ப வாங்கியது. நிக்கலும் செம்பும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின. கடையில் ரொட்டி இருக்கும், மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது. வேறு வழியில்லாமல் நகராட்சிகளே துத்தநாகத்திலும் இரும்பிலும் காசு அடித்தன, மேலிடமும் கண்டுகொள்ளவில்லை. அந்தந்த ஊரின் பொறுப்பில் வந்த காசு என்பதால்தான் ஊர்ப்பெயர்.

என்னிடம் பிராங்க்பர்ட் நகரத்தின் 1917-ஆம் ஆண்டு 10 ஃபென்னிக் இருக்கிறது. இரும்பு. நடுவில் அந்த நகரச் சின்னமான கழுகு, விளிம்பில் லேசாகத் துரு. சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் இதைக் காட்டியபோது ஸ்டால்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கேன்டீன் டோக்கன் தம்பி இது. இரும்புல எவனாவது காசு அடிப்பானா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தட்டிலேயே ஜெர்மன் அரசின் 1915 ஐந்து ஃபென்னிக் ஒன்று கிடந்தது. என் சாவிக்கொத்துக் காந்தத்தை அதன்மேல் வைத்தேன். பச்சக்கென்று ஒட்டியது. அரசே அந்த ஆண்டு இரும்புக்கு இறங்கிவிட்டதே! அதற்கப்புறம் மனுஷன் குரலைத் தாழ்த்தி, "சரி, எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" என்றார். கொடுக்கவில்லை.

நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, சும்மா சேர்ப்பவன். "எல்லா நோட்கெல்டும் புழங்கியதில்லை, பாதி சேகரிப்பாளர்களுக்காகவே அடித்தது" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். தெரியும். போர் முடிந்தபின் வந்த வண்ணக் காகித நோட்டு வரிசைகளில் பல அப்படித்தான். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை 1920, 21-ல் செய்த செங்கபில நிறக் காசுகளிலும் நிறைய நேராக ஆல்பத்துக்குப் போனவைதான். 1917 இரும்பையும் துத்தநாகத்தையும் அதோடு சேர்க்காதீர்கள். அவை பலர் கைபட்டுத் தேய்ந்தவை.

சில்லறை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தெரு மருந்துக்கடையில் இன்றும் மீதிக்குப் பதில் மிட்டாய்தான். அதே மிட்டாயை மறுநாள் நீட்டி மாத்திரை கேட்டால் தருவாரா? பிராங்க்பர்ட் இரும்பை அந்த ஊரிலாவது திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதைக் கேட்டால் நம்மைக் கஞ்சன் என்கிறார்கள்.

உங்கள் காசுக்கு வருவோம். காந்தம் ஒட்டாமல், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கனமாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகம். பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள், சாதாரண ஊர்க் காசுகள் நிறையவே கிடைக்கின்றன. வெள்ளையாகப் பூத்திருந்தால் வீட்டில் யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; புளிப்பு துத்தநாகத்தை அரித்துவிடும், ஊர்ப்பெயரும் அதோடு போய்விடும். ஈரம் படாத காகித உறையில் போட்டு வையுங்கள்.